குரல் கொடுக்காமல் எடுத்த படம்

அந்தப் படம் என்னிடம் இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் ஓரம் வரைக்கும் தெரிகிறது. இடது கையில் நாற்றுக் கட்டோடு சேற்றில் நின்றபடி, பக்கத்தில் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண். முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிய புடவை. பின்னால் சாலவாக்கம் ஏரிக்கரைப் பனைமரங்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இன்றைக்கும் கூசாமல் சொல்வேன். எடுத்த விதத்தைச் சொல்லத்தான் கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஓர் உரக் கம்பெனியின் டிப்போவில் இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊழியர்களுக்குக் கம்பெனி ஒரு புகைப்படப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெறும் படம் அடுத்த வருஷக் காலண்டரில் வரும். அனுப்பும் படம் கம்பெனிக்கே சொந்தம் என்று விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மாமாவிடம் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் நடவு நடும் வயலுக்கு ஆண்கள் யார் போனாலும் தூரத்திலேயே ஒரு குரல் கொடுப்பார்கள், இல்லையென்றால் இருமவாவது செய்வார்கள். ஏற்றிச் செருகிய புடவையை அவர்கள் இறக்கிவிட்டுக்கொள்ள அவகாசம் வேண்டுமே. இது எனக்குத் தெரியாததல்ல. குரல் கொடுத்தால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் பூனை மாதிரி பதுங்கி எடுத்தேன்.

முதல் பரிசு அதற்குத்தான். பெரிதாக்கிய பிரதியை டிப்போ சுவரில் ஒட்டினார்கள். யூரியா வாங்க வந்த ஒருவர், "அட, நம்ம நடவு மேஸ்திரி இல்ல இது!" என்று பல்லைக் காட்டினார். மறுநாள் மதியம் அந்த அம்மாவே வந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகிறவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் நிலக்காரர்களே அவரிடம் யோசித்துத்தான் பேசுவார்கள். நேராகச் சுவரிடம் போய் நின்றார்.

"இத எங்கெங்க சார் மாட்டுவாங்க?"

"உரக்கடை, சொசைட்டி, டீக்கடை..."

"சலூன்ல?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

"இன்னா சார் நீ! கம்முனு வந்து எடுத்துக்கினு பூட்ட. ஒரு கொரலு குடுத்தா இன்னா?"

நான் செய்த அடுத்த அசட்டுத்தனம், விண்ணப்ப நகலை எடுத்துக் காட்டியது. "ரூல் அப்படிம்மா. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். படம் இப்போ கம்பெனிக்குச் சொந்தம்."

"ஒன் கையெழுத்து கீது. என் கைநாட்டு எங்க கீது? என் காலு எப்ப சார் கம்பெனிக்கு சொந்தமாச்சு?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அவர் அழவில்லை, சாபம் விடவில்லை. "நட்றதுக்குத்தான் வரோம் சார், வேடிக்க காட்றதுக்கு வரல," என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார். எத்தனையோ அதிகாரிகளிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்த அளவுக்கு யாரும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை.

அன்றைக்கே மதராஸ் ஆபீசுக்கு எழுதினேன்: கேட்காமல் ஒளிந்து நின்று எடுத்த படம், பரிசு வேண்டாம், காலண்டரில் போட வேண்டாம். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதத்தைப் பெட்டியில் போட்டதுமே, வேலை போய்விடுமே என்று பயந்து அதைத் திரும்ப எடுக்க வழி தேடினேன். இரண்டு வாரம் கழித்துச் சூடாக ஒரு மெமோ வந்தது. கூடவே, போட்டிக்குப் படத்தோடு அனுப்பியிருந்த நெகட்டிவும் வந்தது. காலண்டர் அச்சுக்குப் போயிருக்கவில்லை. பரிசு, தென்னேரி ஏரியில் சூரியன் மறையும் ஒரு படத்துக்குப் போயிற்று. சூரியன் டிப்போவுக்கு வந்து கேள்வி கேட்காது. எனக்கு வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

இப்போதெல்லாம் செல்போனிலேயே இப்படிப்பட்ட போட்டிகள் வருகின்றன. விதிகளுக்குக் கீழே ஒரு கட்டம், தொட்டால் சம்மதம். எடுத்தவருக்குக் கட்டம் இருக்கிறது, படத்தில் இருப்பவருக்கு எங்கே என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் காணோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் தோன்றிய கேள்வி, சட்டம் படித்தவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

அன்றைக்கு, மெமோவோடு வந்த நெகட்டிவையும் டிப்போ சுவரில் இருந்த படத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்குப் போனேன். வேலிக்கு முன்னாலேயே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் கால்வாயில் கையைக் கழுவிக்கொண்டு வரப்பேறி வந்தார். இரண்டையும் கொடுத்தேன். படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கீது. அதான் பேஜாரு."

எனக்கு ஆசை விடவில்லை. "இந்த ஒண்ணை மட்டும் நான் வச்சுக்கட்டுமாம்மா? யாருக்கும் காட்ட மாட்டேன்," என்றேன்.

"கேட்ட பாரு சார், அது மரியாத," என்றார். படத்தை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆனா குடுக்க மாட்டேன்."