நான் வேண்டாமென்று விட்ட கோழிச் சத்தம்

என் மகன் நேற்று ஒரு வீடியோவைக் காட்டினான். தாடி வைத்த ஒருவர் பழைய மியூசிக் பிளேயரைப் பிளந்து, உள்ளே சுழலும் சின்ன ஹார்ட்டிஸ்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மெமரி கார்டைச் செருகுகிறார். இதய ஆப்பரேஷன் செய்கிற டாக்டர்கூட அவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார். கீழே பாராட்டுகள் குவிந்து கிடந்தன.

“அம்மா, உங்களால இதெல்லாம் முடியுமா?” என்றான்.

போனில் எழுத்தைப் பெரிதாக்குவதற்கே அவனைக் கூப்பிடுகிறவள் நான். “முடியாதுலா” என்று சொல்லிவிட்டேன். பொய். பதிமூன்று வயதில், எந்த வீடியோவும் பார்க்காமல், இதே வேலையைச் செய்தவள் நான். தாடி மட்டும்தான் இல்லை.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், ஆட்களுக்கான வரிசை வீடு ஒன்றில், இருந்தோம். அப்பாவின் தம்பியும் எங்களோடுதான். சித்தப்பா செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அவரிடம் ஒரு மியூசிக் பிளேயர் இருந்தது. யாரோ பாவித்ததை டவுனில் வாங்கியது. பாட்டுப் பாடும், பேசினால் பதிந்துகொள்ளும். ஆனால் தோட்டத்துச் சாலையில் லோரி ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் உள்ளே சுழலும் தட்டு தடுமாறி, பாடகருக்கு விக்கல் எடுக்கும். ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாட்டுகூட முழுசாக முடியாது.

அந்த வருடம் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். முப்பது குடும்பம் எங்கே போவது என்று பெரியவர்கள் முகம் தொங்கிக் கிடந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசை நிற்கும்போது, மெனேஜரே வந்து நின்று, லயத்தைக் காலி செய்கிற எல்லாக் குடும்பத்துக்கும் அங்கே கட்டப்போகும் புதுத் தாமான் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு என்று சொன்னாராம். அதை எழுதித் தரும்படி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மெனேஜர் நம்மாள். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான் போடுவார்கள். மாலை போட்ட கையோடு பேப்பரை நீட்டினால் அவர் முகம் மாறிவிடாதா?

அன்று சாயங்காலம் அப்பா கவலையாகக் கேட்டதும், சித்தப்பா நெஞ்சைத் தட்டிக் காட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“எல்லாம் இங்க சட்டப்பையில இருக்குண்ணே. நீ பேசாம தூங்கு.”

சட்டைப் பையில் சிகரெட்டைத் தவிர என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் சித்தப்பா ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போனார். பிளேயர் வீட்டில் கிடந்தது. என்னிடம் தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த அங்பாவ் காசு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டவுனில் படம் பிடிக்கிற கடைக்குப் போய்க் கேமராவுக்குப் போடுகிற மெமரி கார்டு ஒன்று வாங்கினேன். அந்தத் தட்டும் இந்தக் கார்டும் ஒரே அளவு, ஒரே பொருத்து என்பதைப் பள்ளி நூலகத்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். பாடப் புத்தகத்தை இந்த அக்கறையோடு படித்திருந்தால் இன்று என் கதை வேறு.

சைபர் கஃபேயில் உட்கார்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றினேன். கடைசியில் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு நான்கு பதிவுகள். ஒன்றைத் திறந்து கேட்டேன். கோழி கூவியது. யாரோ இருமினார்கள். லோரி உறுமியது. தூரத்தில் ஓர் ஆள் என்னவோ இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா தெரியாமல் பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். இந்தக் குப்பை எதற்கு என்று நான்கையும் விட்டுவிட்டு, மற்றதைக் கார்டில் ஏற்றி, மிஞ்சிய இடத்தில் எனக்குப் பிடித்த பாட்டுகளைச் சேர்த்தேன்.

மூக்குக் கண்ணாடி முடுக்குகிற குட்டித் திருப்புளியால் வீட்டில் பிளேயரைத் திறந்து, கார்டை வைத்து மூடினேன். பாடியது! மிஞ்சிய பழைய ஹார்ட்டிஸ்கை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அம்மி ஓரத்தில் வைத்து உடைத்தேன். காசு அளவில் ஒரு வட்டம், கண்ணாடிபோல மின்னியது, நடுவில் ஓட்டை. கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். லயத்தில் அப்படி ஒரு நகை யாரிடமும் இல்லை.

சித்தப்பா திரும்பி வந்து லோரியில் ஒரு நடை போய்விட்டு, இறங்கும்போதே கத்தினார்.

“ஏய், எந்தக் குழியில வுட்டாலும் பாட்டு நிக்கலலா!”

“உள்ள சுத்துற தட்டே இல்ல சித்தப்பா. லோரியக் கவுத்தாலும் பாடும்.”

“அடி எஞ்சினியரம்மா! நீ சொன்னேன்னு கவுத்துப் பாக்க முடியாதும்மா, ஆலைக்காரன் என்னைக் கவுத்துடுவான்.”

அன்று லயத்தில் வீடு வீடாகப் போய் என் பெருமையைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா தடுத்தார். கூட்டம் ஒன்று வருகிறது, அதுவரைக்கும் இந்த மெஷினைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். பொறுத்துக்கொண்டேன். அவரைப் பொறுத்தவரை அது அதே பழைய மெஷின். உள்ளே எதை மாற்றினேன் என்று அவர் கேட்கவில்லை. எதை விட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். மெனேஜர், வாங்கிய நிறுவனத்திலிருந்து ஓர் ஆள், அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் முப்பது குடும்பமும். வீட்டைப் பற்றிக் கேட்டதும் மெனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“வீடு குடுக்க முயற்சி பண்றோம்னு சொன்னேன். குடுப்போம்னு எப்ப சொன்னேன்? யாராச்சும் சொல்லுங்க.”

சித்தப்பா எழுந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போய், பிளேயரைக் கோயில் ஒலிபெருக்கியில் சொருகினார். பட்டனை அழுத்தினார். பாட்டு வந்தது. அடுத்தது அழுத்தினார். அதுவும் பாட்டு. அடுத்தது நான் சேர்த்த குத்துப்பாட்டு.

“ஏம்பா, எங்கள ஆட வைக்கவா கூப்ட்ட?” என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒலி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பூரிப்பாக இருந்தது.

சித்தப்பா அழுத்திக்கொண்டே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பிறகு, பாட்டை ஓடவிட்டு, பெண்கள் பக்கம் வந்து என் காதருகே குனிந்தார்.

“பாப்பா, பேச்சுச் சத்தமா நாலு இருந்துச்சே. எங்கம்மா?”

“கோழி கூவுமே, அதுவா? அதெல்லாம் வேஸ்ட்டுன்னு வுட்டுட்டேன் சித்தப்பா. எடம் மிச்சம்.”

“பழைய தட்டு?”

கழுத்திலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. அதில் அவர் முகம் குட்டியாகத் தெரிந்தது. எல்லாக் குடும்பத்து வீடும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போது புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். அவரும், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும்.

சித்தப்பா மைக்குக்குத் திரும்பிப் போனார். “மெனேஜர் சொன்னத இதுலதான் பதிஞ்சி வச்சிருந்தேன். தெரியாம நானே அழிச்சிட்டேன். மன்னிச்சிருங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கிழட்டு மண்டோர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“நீயா அழிச்சியா, இல்ல அழிக்கச் சொல்லிக் காசு குடுத்தாங்களா?”

அப்பா எழப் பார்த்தார். சித்தப்பா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

யாருக்கும் வீடு கிடைக்கவில்லை. அந்தப் பதிவு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? வக்கீல் ஆபீசில் வேலை செய்யும் என் தோழி சந்தேகம்தான் என்கிறாள். அவள் நல்லவள், என் பிறந்தநாளுக்குக்கூட நான் ஒல்லியாகிவிட்டேன் என்றுதான் சொல்வாள்.

கூட்டத்துக்கு மறுநாள் சித்தப்பா என்னை டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

“யாரு கேட்டாலும் நீ அந்த மெஷினத் தொடவே இல்லேன்னு சொல்லணும். சரியா?”

“நான்தானே சித்தப்பா மாத்துனேன்?”

“நான் மாத்துனேன். அவ்ளோதான்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என் அங்பாவ், என் திருப்புளி, என் மூளை. அதையெல்லாம் இவர் தன் பேரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் கழுத்துக் கயிற்றை அறுத்துக் கிணற்றில் போட்டுவிட்டு, “வாயத் தொறந்த, பல்லு இருக்காது” என்றார். குடும்பமே சேர்ந்து சதி செய்கிறது என்று புரிந்துகொண்டேன். என் அறிவு அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

தஞ்சோங் காராங் சந்தைக்குச் சித்தப்பாவின் லோரியில் தொற்றிக்கொண்டு போகிற பெண்கள் அதற்குப் பிறகு வெயிலில் நடந்தே போனார்கள். உடம்பு இளைக்க நடக்கிறார்கள் என்று நினைத்தேன். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு முழுக்க அவருக்கே கிடைத்தது. மரியாதை என்று நினைத்தேன். அந்த மரியாதை அவருக்கு என் வேலையால் வந்தது என்பதில் எனக்கு இன்னும் கூடுதல் ஆத்திரம். லயத்தில் யாரிடமாவது “நான்தான் மாத்துனேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மாவின் கைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

லயம் காலியாவதற்கு முன்பே சித்தப்பா செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு பை. வழியனுப்ப எதிர் வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பொது விடுமுறை என்பது நினைவுக்கு வரவில்லை.

“பாப்பா, வரேன்மா” என்று வாசலிலிருந்து கூப்பிட்டார்.

நான் குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். முதலில் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று, மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.