பத்தாயிரம் வாலா வைத்து வரவேற்ற ரயில்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை நிலையம் என்று சொல்வதே அதிகம். ஒரு பெயர்ப்பலகை, தரையோடு தரையாக ஒரு நடைமேடை, பூட்டிய ஓர் அறை. மீட்டர் கேஜ் காலத்தில் காலையும் மாலையும் வண்டி நின்றது. அகலப்பாதை போடுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். பாதை வந்தது, வண்டியும் வந்தது. அப்புறம் கொரோனா. அது முடிந்தபின் அதே பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து, கட்டணத்தைக் கூட்டி, எங்கள் ஊரில் நிறுத்தாமல் ஓட்டினார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கமிஷன் ஏஜெண்ட், கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டார்.

எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது மகளுக்காக. விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள். முதல் பஸ்ஸில் சிவகாசி போய், அங்கே மாறி, கல்லூரிக்குள் நுழையும்போது அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்திருப்பார்கள். இனியும் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டலில் சேர்க்க எனக்கு வசதி இல்லை. அச்சாபீஸில் பட்டாசு லேபிள் வெட்டுகிறவன் நான்.

ஒருவழியாக, சோதனை முறையில் காலை வண்டி நிற்கும் என்று உத்தரவு வந்தது. உடனே ஊரில் ஒரு வரவேற்புக் குழு முளைத்தது. அதன் தலைவர் பட்டாசுக் கடை வைத்திருப்பவர். வண்டியை நிறுத்தக் கேட்டு மனுவோடு நாங்கள் சிலர் மதுரை ரயில்வே ஆபீஸுக்கு அலைந்தபோது அவரைக் கண்டதில்லை. இப்போது ஃப்ளெக்ஸில் ரயில் இன்ஜினைவிட அவர் தலை பெரிதாக இருந்தது.

தண்டவாளத்தை ஒட்டிச் சரம் விரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் அவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ரயில்வே இடம். வெடி வேண்டாமே."

"ஏலே, இவன் சொல்றதக் கேட்டீகளா?" என்று அவர் எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். "சிவகாசிப் பக்கம் பெறந்துட்டு வெடி வேண்டாங்கான்! லேபிள் வெட்டுறவனுக்கு வெடியப் பத்தி என்னலே தெரியும்? சடங்குக்கு வெடிக்கோம், பொணத்துக்கு வெடிக்கோம், ரயிலுக்கு வெடிக்கக் கூடாதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் நாள், வண்டி வளைவில் தெரிந்ததுமே பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தார்கள். நடைமேடையே புகையில் மறைந்தது. வண்டி வெகுதூரத்திலேயே நின்றுவிட்டது. பாதையில் ஆபத்து இருந்தால் தண்டவாளத்தில் வெடி வைத்து டிரைவரை எச்சரிப்பது ரயில்வேயின் வழக்கமாம். சத்தம் கேட்டால் நிறுத்தியே ஆக வேண்டுமாம். வெடியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

மாலையோடு ஓடியவர்களை டிரைவர் ஜன்னலிலிருந்தே திட்டினார். "அறிவிருக்காய்யா? பாலம் போச்சுன்னுல்ல நினைச்சேன்!"

"உங்களை வரவேற்கத்தான் சார்."

"இதுவா வரவேற்பு? இனிமே இங்க எவன் நிறுத்துறான்னு பாக்கிறேன்."

நான் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜல்லியில் ஓடி, கிடைத்த பெட்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி நகர்ந்து, மேளக்காரர்களையும் ஃப்ளெக்ஸையும் தாண்டி நிற்காமலே போனது. மறுநாளிலிருந்து, விசாரணை முடியும்வரை நிறுத்தம் ரத்து.

மகள் மறுபடி பஸ்ஸுக்கு நின்றாள். டிரைவருக்கு நம்ம ஊர் மேல் பொறாமை என்று தலைவர் சொல்லித் திரிந்தார். விசாரணைக்கு மதுரையிலிருந்து அழைப்பு வந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அதிகாரி முன்னால கொஞ்சம் கண்ணக் கசக்குனா காரியம் முடிஞ்சிரும்."

இப்போது மரியாதை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனோம்.

வெடித்தது யார் என்று அதிகாரி கேட்டார். "வெளியூர்ப் பயலுக சார்" என்றார் தலைவர், கூசாமல்.

மகள் அழவில்லை. "இல்ல சார், இவுக கடைச் சரந்தான். எங்கப்பா வேண்டாம்னு சொன்னாக, இவுக கேக்கல. வண்டி நிக்கணும் சார், எனக்குப் பரீட்சை இருக்கு. இவுக ஸ்டேஷன் பக்கம் வராம நீங்க பாத்துக்கோங்க."

தலைவரிடம் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார் அதிகாரி. அடுத்த வாரம் மேளமும் மாலையும் இல்லாமல் வண்டி நின்றது. மகள் பரீட்சையும் எழுதிவிட்டாள்.

"அப்பன் வாயில்லாப் பூச்சி, மக ஊரையே காட்டிக் குடுத்துட்டா" என்று தலைவர் டீக்கடையில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் நான் உட்காருவதில்லை.