பாஸ்டரம்மாவின் காரை நேராக்கிய ஞாயிறு

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் வேலை காருக்கு அடியில். லைனின் கடைசியில் ஒரு பள்ளம் இருக்கும். தலைக்கு மேலே கார் வந்து நிற்கும். மேலே ஒருவர் ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டுவார். ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியை நான் திருகி, திரையில் பச்சை வந்ததும் நட்டை இறுக்குவேன். அந்தக் கம்பிக்கு டைராடு என்று பெயர். அதுவும் இடப்பக்கத்துக் கம்பி மட்டும்தான் எனக்கு. வலப்பக்கத்துக்கு வேறு ஆள். கார் நகர்ந்துவிடும், அடுத்தது வரும். நான் சரிசெய்த கார் ரோட்டில் எப்படி ஓடுகிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பெண்களாக ஒரு ரூமில் இருந்தோம். ஞாயிறு ஷிஃப்ட் இல்லையென்றால் பக்கத்துச் சிறிய சர்ச்சுக்குப் போவேன். அங்கே பாஸ்டருக்குக் கார் ஓட்ட வராது. அவர் மனைவி பாஸ்டரம்மாதான் ஓட்டுவார். நோயாளிகளைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எல்லாவற்றுக்கும் அவரும் அந்தப் பழைய வெள்ளைக் காரும்தான்.

மழைக்காலத்தில் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து அந்தக் காரின் இடது டைராடு வளைந்துபோனது. ரோட்டோரக் கடையில் புதிது மாட்டினார்கள். அன்றிலிருந்து கார் நேராகப் போனால் ஸ்டியரிங் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அலைன்மென்ட் கடைக்காரர் முன்சக்கரம் இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக்கிவிட்டு, "வண்டி நேராத்தானே போவுது, பழகிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சர்ச் கமிட்டியில் ஒரு அண்ணன் இருந்தார். உள்ளூர்க்காரர், பதினெட்டு வருடமாக இன்னொரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இருப்பவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"இதுக்கு இன்னாத்துக்குக் கட கடயா அலையணும்? ஸ்டியரிங்க உருவி, நேரா வெச்சு மாட்னா முடிஞ்சிச்சு" என்று ஸ்பானர் பையோடு கிளம்பிவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, அதக் கழத்தாதீங்க. தப்பு மேல இல்ல, கீழ இருக்கு."

அவர் என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இன்னாம்மா, நீ வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டத் தெரியாதுண்ணே."

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எப்படிச் சொல்ற? காட்டு" என்றார்.

அவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினைப் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைக்கச் சொன்னேன். முன்சக்கரம் இரண்டும் வலது பக்கம் பார்த்து நின்றன. "இப்ப முட்டுற வரைக்கும் இடப்பக்கம் திருப்புங்கம்மா. அண்ணே, நீங்களே எண்ணுங்க." ஒன்றரைச் சுற்று. திரும்ப நேராக்கி வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். அதுவும் ஒன்றரை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான இருக்கு? அப்ப ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. இடது கம்பிய நீளமா மாட்டிட்டாங்க. அலைன்மென்ட்ல அதுக்குத் தக்கன வலதையும் குறுக்கிட்டாங்க. சக்கரம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரி. ஸ்டியரிங்குக்குத்தான் சரியில்ல. அதக் கழத்தி மாட்டுனா, ஒரு பக்கம் கூடத் திரும்பும், இன்னொரு பக்கம் கம்மியாத்தான் திரும்பும்."

அண்ணன் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு ஸ்பானர் பையை என் காலடியில் வைத்தார். "சரி, செய்யி. பாக்கலாம்."

பாஸ்டரின் பழைய சட்டை ஒன்றைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டேன். ஜாக்கியில் ஏற்றி, அதை மட்டும் நம்பாமல் ஸ்டெப்னி டயரையும் அடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். கம்பெனியில் திரை இருக்கும், பச்சை வரும். இங்கே ஒன்றும் இல்லை. சண்டே ஸ்கூல் சாக்பீஸால் கம்பியில் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றி வந்தால் ஒரு சுற்று. இடது கம்பியைச் சரியாக ஒரு சுற்றுக் குறுக்கினேன்.

அடுத்து வலப்பக்கம் போனேன். நான் தொடாத பக்கம் அது. நட்டையும் அலைன்மென்ட் கடையில் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். "நவுருமா" என்று அண்ணனே படுத்து, முகம் சிவக்க ஒரு இழுப்பு இழுத்தார். நட்டு இளகியது. எந்தப் பக்கம் திருகுவது என்று மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப்பார்த்துவிட்டு, அதே ஒரு சுற்று நீட்டினேன். இடது எவ்வளவு குறைகிறதோ, வலது அவ்வளவு கூட வேண்டும். கூடக்குறைய இருந்தால் டயர் தேய்ந்துவிடும்.

மூன்று பேரும் ஒரகடம் ரோட்டில் போனோம். நான் முன்சீட்டில். கார் நேராகப் போனது, ஸ்டியரிங் இன்னும் துளி இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"இவ்ளோ கொறஞ்சதே பெருசு. வுடும்மா, இது போதும்" என்றார் அண்ணன் பின்சீட்டிலிருந்து.

"போதாதுண்ணே. கம்பெனில இப்படி அனுப்புனா வண்டி திரும்பி வந்துரும்."

மறுபடி சர்ச் வாசல், மறுபடி ஜாக்கி, சாக்பீஸ் கோடு. இரண்டு பக்கமும் அரைச் சுற்று. நட்டுகளை இறுக்கிவிட்டு எழுந்தபோது முழங்கையெல்லாம் கிரீஸ்.

இரண்டாவது தடவை ரோடு காலியாக இருந்தது. பாஸ்டரம்மா பிடியைத் தளர்த்தி, விரல் நுனியால் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டார். கார் கோடு கிழித்த மாதிரி போனது. ஸ்டியரிங்கின் நடுக்கம்பி இம்மிகூடச் சாயாமல் நேராக நின்றது. பாஸ்டரம்மா, "ஏய், நேரா இருக்குடி!" என்று கத்திவிட்டார். பாஸ்டரம்மா கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். நானும் கத்தினேன். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. என் கையால் நேரான ஒரு கார், என்னையே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு ரவுண்டு போலாம்மா" என்று கேட்டேன். தண்டலம் வரை போய்த் திரும்பினோம்.

சர்ச் வாசலில் இறங்கியதும் அண்ணன் நேராகக் கமிட்டி ஆட்களிடம் போனார். "நான் சொன்னத செஞ்சிருந்தா வண்டிய கெடுத்திருப்பேன். இந்தப் பொண்ணு கையில வேல கீதுப்பா" என்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அவருடைய வேன் மரத்தடியில் நின்றது. முன்பக்கம் ஏற்கெனவே ஜாக்கியில் ஏறியிருந்தது. ஸ்டெப்னியும் அடியில் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கார்கள்.

"டீ குட்ச்சிட்டு வாம்மா, அவசரமில்ல" என்றார் அண்ணன், கையில் சாக்பீஸோடு.