துபாய்க்குக் கத்தாத ஒரு டச்சு வார்த்தை

நேற்று பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் துபாயோடு வீடியோ கால் பேசினார் மச்சி. காதில் இயர்போன், உதடு மட்டும் அசைகிறது. எனக்குச் சட்டென்று ஒரு டச்சு வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது: ஹெடெம்ப்ட்!

டிகிரி முடித்து வேலை கிடைக்காமல் சித்தப்பாவின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்த காலம். துபாய், சவுதி எல்லாம் தூரமாச்சே, கத்தினால்தான் போய்ச் சேரும் என்று மொத்த ஊரும் நம்பியது, நானும்தான். தெருவில் எந்த வூட்டு ரகசியமும் எனக்குப் பாக்கியில்லை.

காரை ஓடையில் கல்லாகிப்போன நத்தைகளைப் பார்க்க வந்த டச்சுக்காரம்மா ஒருத்தர், ஹாலந்துக்கே முணுமுணுவென்று பேசினார். லைன் கட் என்று நினைத்து நான் கதவைத் திறந்து அசிங்கப்பட்டதுதான் மிச்சம். இப்படிச் சத்தமே வராத பேச்சுக்கு என்ன பேர் என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டதற்கு ‘ஹெடெம்ப்ட்’ என்றார். பச்சைப் பேப்பர் ஒட்டிய கண்ணாடி வழியே வரும் வெளிச்சம், வெளுத்த போஸ்டரின் சிவப்பு, கதவுக்கு வெளியே லாரி சத்தம், மூன்றையும் காட்டினார். இருக்கும், ஆனால் மேலே எதையோ போர்த்தின மாதிரி இருக்கும். செம வார்த்தை! அன்றைக்கு என் ஜீன்ஸ் முதல் மெஸ் சாம்பார் வரை எல்லாவற்றுக்கும் சொன்னேன். சாம்பாருக்குச் சொல்லக் கூடாதாம்.

அடுத்த வாரம் பின்தெரு ஷமீமா அக்கா வந்தார். பி.எட். அப்ளிகேஷனுக்கு மறுநாள் கடைசி. சவுதியில் இருந்த புருஷன் சரி சொல்ல வேண்டும். படித்தது போதும் என்ற மாமியாரோ எப்போதும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கத்திப் பேசினால் கதை கந்தல். நான் பூத்துக்குள் ரெண்டு ஜமுக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.

“மெதுவா பேசுங்கக்கா. லைனே கொண்டுபோயிடும், நீங்க தள்ள வேணாம்.”

பேசினார். வெளியே வெறும் ‘ம்ம்ம்’. மாமியார் கழுத்தை எவ்வளவு நீட்டியும் ஒன்றும் சிக்கவில்லை. பக்கா ஹெடெம்ப்ட்! நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட அதே நேரம் ரிசீவர் அலறியது.

“அப்ளிகேஷன போடு புள்ள! அம்மாட்ட நான் பேசிக்கிறேன்!”

அந்தப் பக்கம் ஒரு ஆள் கத்துவான் என்பதை மறந்தே போயிருந்தேன். ரெண்டு ஜமுக்காளமும் தோற்றன. மாமியார் எழுந்தார்.

அவர் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அக்காவிடம் சொன்னார்: “அவந்தான் சொல்லிட்டான்ல. வா, பாரத்த போட்டுட்டுப் போவோம்.”

அக்கா இப்போது டீச்சர். பூத் இருந்த இடத்தில் ஜூஸ் கடை. கடல் தாண்டி யாரும் கத்துவதில்லை. நேற்று பஸ்ஸில் அந்தப் பக்கத்து சீட்டுக்காரரிடம் யாரோ எதையோ கெஞ்சிக் கேட்டது முகத்தில் தெரிந்தது. அவர் சரி என்றாரா இல்லையா என்று நான் இறங்கும்வரை தெரியவில்லை மச்சி.