யூரியா உறையும் கண்மையும்

என் மகளின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் 'அ' அச்சடித்த தாளைச் சொருகி, மேலே மார்க்கரால் எழுதித் துடைத்துக் காட்டினார். "புது முறை சார்" என்றார். மார்க்கர் வாசனைக்குப் பதிலாக எனக்கு விளக்கெண்ணெய் வாசனை அடித்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஜெயம் டீச்சர் யூரியா மூட்டையின் உள்பையை வெட்டி, மெழுகுவர்த்தியில் ஓரம் ஒட்டி, இதே உறையைச் செய்தார். அதன்மேல் ஈர்க்குச்சியால் விளக்கெண்ணெயில் குழைத்த கண்மை தொட்டு எழுதுவோம், சட்டையால் துடைப்போம். என் எழுத்து என் சட்டையில்தான் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

வீடுகளில் மை டப்பாக்கள் காலியாயின. அறுவடைக் கூலிச் சண்டையில் பண்ணைக்காரர்களும் கூலிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசாத நேரம் அது. ஆனால் பண்ணை வீட்டு என் அம்மாவும் சங்கக் கொடி பிடித்த செல்லம்மாவும் ஒரே காலையில் பள்ளிக்கு வந்து நின்றார்கள்.

"இதை நிறுத்துங்க டீச்சர்" என்றாள் அம்மா.

"எங்க வீட்லயும் பொட்டு மை இல்ல" என்றாள் செல்லம்மா.

"நிறுத்திடலாம். ரெண்டு பேர் புள்ளையும் மறுபடி மண்ணுல எழுதட்டும்" என்றார் டீச்சர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு வாரம் உங்க மை, ஒரு வாரம் எங்க மை. சரியாம்மா?" என்றாள் செல்லம்மா.

"சரி. ஆனா உன் மகன் என் மையில மீசை வரையக் கூடாது."

தாசில்தார் ஆபீசில் நாள் முழுக்கக் கூலி பேசியும் முடியாமல் திரும்பிய அப்பா, இதைக் கேட்டுக் கடுப்பானார். "அப்ப நாளைக்கு நீயே போய்ப் பேசேன்."

"போறேன். நீங்க சோறு வடிங்க."

மறுநாள் அப்பா முதல் பஸ்ஸில் கிளம்பினார். மதியத்துக்குள் கூலி முடிவாகிவிட்டது.