தறி தெரியாத காஞ்சிபுரத்துக்காரன்

1. முதல் நாள்

நாடகக் குழுவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பொய் சொன்னேன். வாயால் சொல்லவில்லை, தலையால் சொன்னேன். எங்கள் டைரக்டர் வசந்தி மேடம் எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றேன். அப்படியானால் தறியெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்குமே என்றார். தலையாட்டிவிட்டேன்.

என் சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் மாகறல். எங்கள் வீட்டில் நெல், கத்திரிக்காய். பட்டுக்கும் எங்களுக்கும் கல்யாணத்தன்று மட்டும்தான் உறவு. ஆனால் வேலை கிடைக்கிற நேரத்தில் கத்திரிக்காயைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் அப்போதே பெயரெடுத்த குழு அது. மேடத்தின் அப்பா, ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மொட்டைமாடியில் ரிகர்சல் பார்த்து ஆரம்பித்தது. நான் போனபோது சொந்தமாக ஒரு ரிகர்சல் ஹால், முப்பதுக்கு மேல் ஆட்கள், வருஷத்துக்கு இரண்டு புது நாடகம் என்று வளர்ந்திருந்தது. எனக்குப் பிராப்பர்டி வேலை. மேடையில் நடிகர் கையால் தொடுகிற டம்ளர், துப்பாக்கி, கடிதம், ஊன்றுகோல் எல்லாமே பிராப்பர்டிதான். அரசன் இடுப்பில் வாள் இல்லாவிட்டால் அரசனை யாரும் திட்ட மாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள். பிறகு செட் போடுகிற பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது.

முதல் நாள் ஆட்டிய தலை அதோடு நிற்கவில்லை. குழுவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் புடவையை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் முந்தானையைத் திருப்பிப் பார்ப்பேன். ஜரிகையை நகத்தால் சுரண்டுவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். பிறகு "நல்ல சரக்கு" என்பேன். என் கைக்கு வந்த எல்லாப் புடவையும் நல்ல சரக்குதான்.

2. தறி செய்த கதை

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்த நாடகத்தை எடுத்தோம். ஒரே கல்யாணப் புடவையை இரண்டு வீட்டுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கும் நெசவாளியின் கதை. முழுக்கச் சிரிப்பு. மேடை நடுவில் தறி இருக்க வேண்டும். எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது மேடம், "தறியப் பத்தி என்ன கவலை, மாணிக்கம் இருக்காரே" என்றார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை புடவைகளைச் சுரண்டிய பிறகு எந்த முகத்தோடு சொல்வது? காஞ்சிபுரத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். இந்த ஊர்ப் பக்கம் பிறந்துவிட்டுத் தறி எப்படி இருக்கும் என்று கேட்கவும் கூச்சம். கடைசியில் போனில் பார்த்த படங்களையும், எங்கள் ஊர்ப் பக்கத்து ஐயம்பேட்டையில் காய் இறக்கப் போன ஒரு வீட்டில் எப்போதோ பார்த்ததையும் வைத்துச் சமாளித்தேன். அந்த வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து நெய்வது தெரியும். தறி என்றால் அவ்வளவுதான் என்று மனசில் பதிந்திருந்தது.

குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். சபா மேடையில் குழி வெட்டினால் அதிலேயே என்னைப் புதைத்துவிடுவார்கள். அதனால் உயரமாக ஒரு பலகை மேடை அடித்து, அதில் கால் விட இடம் விட்டேன். புடவைக்குப் பச்சை உடம்பு, சிவப்புக் கரை என்று கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி நூல் கட்டினேன். நெசவாளியாக நடித்த சேகருக்கு நாடாவை, அதாவது ஊடு நூல் வைத்த கட்டையை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கே இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. சென்னையில் திரை தூக்கியதுமே தறிக்குக் கைதட்டினார்கள்.

3. மூன்றாவது வரிசை

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் சிலர் சேர்ந்து அந்த நாடகத்தை அங்கே போட எங்களைக் கூப்பிட்டார்கள். மேடை சின்னது, வேனில் தறி ஏறாது, கரண்ட் போய்விடும் என்று நான் சொல்லாத சாக்கு இல்லை. உங்கள் ஊரில் போடுவதற்கு நீங்களே தடங்கல் சொல்கிறீர்களே என்றார் மேடம். அதற்கு மேல் என்ன பேசுவது?

கல்யாண மண்டபம். சாயங்கால ஷோ. நிறைந்த கூட்டம். இரண்டாவது சீனில் சேகர் தறியில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளினார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"கோர்வைக்கு ஆளு எங்கப்பா? பச்சைக்கு செவப்பு கரைய ஒருத்தரே எப்டி போட்டுக்கினு இருக்காரு?"

மண்டபமே சிரித்தது. விஷயம் இதுதான். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் கோர்த்து நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா, இரண்டு ஆள். நெய்பவருக்கு இடது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருப்பார். நான் ஐயம்பேட்டை வாசலிலிருந்து பார்த்தபோது சுவர் மறைத்தது அந்த ஆளைத்தான்.

சேகருக்கு வசனம் மறந்துவிட்டது. மேடை ஓரத்து மறைவில், விங்கில், என் பக்கத்தில் நின்ற மேடம் பதறவே இல்லை. "வேட்டிதானே கட்டியிருக்கீங்க. போய் இடது பக்கம் உக்காந்து தள்ளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றார்.

போனால் ஊரே பார்த்துச் சிரிக்கும். போகாவிட்டால் ஷோ படுத்துவிடும்.

"மேடம், எனக்குத் தறி தெரியாது."

"என்னது?"

"ஒண்ணுமே தெரியாது மேடம். எங்க வீட்ல விவசாயம்."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என் பொண்ணு கல்யாணப் புடவை?" என்றார். அதுவும் தெரியாது என்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவர் நேராக மேடைக்குப் போனார். கையைக் கூப்பி, நாங்கள் போட்ட தறி தப்பு, கேட்ட அம்மாவே வந்து உட்கார்ந்தால் நாடகம் நடக்கும் என்றார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி வந்தார். பெயர் சரோஜா. பல வருஷமாகக் கணவரோடு தறியில் உட்காருகிறவர். என் தறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இதில் நூல் எப்படி ஏறும் என்று மைக்கில் கேட்கும்படியே சொன்னார். பிறகு இடது பக்கம் உட்கார்ந்தார். சீன் மறுபடி ஓடியது. சேகர் இரண்டாவது வீட்டாருக்குப் புடவையைத் தருவதாக வாக்குக் கொடுத்தபோது சரோஜா தலையைத் தூக்கினார்.

"காலைலதான் வேற ஒருத்தருக்கு தரேன்னு சொன்ன. நான் இங்கதான உக்காந்துக்கினு இருக்கறேன்?"

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. எங்கள் எழுத்தாளர் அந்த வசனத்தை அப்படியே நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்.

4. இடது பக்கம்

ஷோ முடிந்து கிரீன் ரூமில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தறி தப்பாகப் போனதற்குக் கோபம் இல்லை என்றார். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஒரு பஸ் ஏறி வந்து கேட்டிருப்போம். தெரியும்னு சொன்னதால யாருமே கேக்கல" என்றார். அதைவிடத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் தண்டனையும் கொடுத்தார். இனி எல்லா ஷோவிலும் அந்த இடது பக்கத்து ஆள் நான்தான். கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே சரோஜாவின் வசனத்தையும் நான்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் போய் சரோஜா வீட்டுத் தறியில் உட்கார்ந்தேன். நூல் அறுந்தது, முதுகு பிடித்துக்கொண்டது, அவர் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். தெரியாது என்று ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு எதைக் கேட்கவும் கூச்சமே வரவில்லை. என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

தறியைப் புதிதாகச் செய்தேன். அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் மறுபடி ஷோ. விங்கிலேயே காலம் தள்ளியவன் என் ஊர் ஜனத்தின் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து நாடா தள்ளினேன். வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது. முடிந்ததும் சரோஜா மேடைக்கு வந்து தறியைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கை இன்னும் வரலண்ணா. உக்காந்த எடம் மட்டும் சரியா இருக்குது" என்றார்.

தறி விஷயத்தில் நான் பொய் சொல்லாமல் வாங்கிய முதல் மார்க் அது.