கையுறையின் வாசனை

உயங்காவுக்கு இருபத்தொரு வயது. அப்பாவின் இருநூறு ஆடுகளோடு வளர்ந்து, டவுன் பள்ளி விடுதியில் பன்னிரண்டாவது முடித்து, மறுபடி பட்டிக்கே திரும்பி வந்தவள். இந்தக் குளிர் முடிகிற நேரத்தில் டவுன் மருத்துவமனையில் ஒரு வாரப் பயிற்சி வைத்தார்கள். தன் வயதுக்காரர்களிடம் நோய்நொடி பற்றிப் பேச மேய்ச்சல் பகுதிக்கு ஒருவர். அவள் பகுதிக்கு அவளைப் பிடித்துப் போட்டார்கள். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கையில் கையுறை போட ஐந்து குடும்பங்களைப் பேசி வழிக்குக் கொண்டுவரச் சொல்லி, பெட்டி பெட்டியாக ரப்பர் உறைகளும் கொடுத்தனுப்பினார்கள்.

நான்கு குடும்பங்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஐந்தாவதுதான் சார்னாய். விடுதியில் ஒரே போர்வைக்குள் தூங்கிய தோழி. போன வசந்தத்தில் ஆடுகளுக்கு வெறுங்கையால் பிரசவம் பார்த்ததில் காய்ச்சல் ஒட்டிக்கொண்டு, விட்டு விட்டு வந்து, வயிற்றிலிருந்த நாலு மாதக் கரு கலைந்துபோனது. இப்போது மறுபடி ஐந்து மாதம்.

சார்னாயின் கணவன் கல்சானிடம் உயங்கா ஒரு முழு மாலை பேசினாள். கடைசியில் ஒத்துக்கொண்டான். அவன் கையுறை போட்டுப் பிரசவம் பார்ப்பது, சார்னாய் பட்டிப்பக்கமே வராமலிருப்பது.

முதல் குட்டியிலேயே விஷயம் கெட்டது. தலையீற்று ஆடு குட்டியை முகர்ந்தது, முட்டித் தள்ளியது. மூன்று முறை. கல்சான் கையுறையைக் கழற்றி வீசினான்.

"உன் ஆஸ்பத்திரி நாத்தம் ஆட்டுக்கே புடிக்கலையே உயங்கா."

மத்தியானத்துக்குள் அது செல்போன்களில் எல்லாப் பட்டிக்கும் போய்விட்டது. இரண்டு குடும்பங்கள் கையுறையைத் திருப்பிக் கொடுத்தன. அதோடு போயிருந்தால் அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் மறுநாள் மேட்டிலிருந்து பார்த்தபோது, பட்டிக்குள் சார்னாய் அங்கிக் கையை மடித்துவிட்டு, வெறுங்கையோடு ஓர் ஆட்டின் பின்னால் மண்டியிட்டிருந்தாள்.

பயிற்சியில் யாரும் வாசனையைப் பற்றிப் பேசவில்லை. பேசியவர்களிடம் ஆடு இல்லை. உயங்கா மூன்று நாள் அப்பாவின் பட்டியிலேயே கிடந்தாள். கையுறையைக் கழுவிப் பார்த்தாள், வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. நான்காம் நாள், தாயின் பனிக்குட நீரில் நனைந்த வைக்கோலில் கையுறையை நன்றாகத் தேய்த்துவிட்டுக் குட்டியைத் தொட்டாள். தாய் ஒருமுறை முகர்ந்தது, நக்க ஆரம்பித்தது. அடுத்த ஆறு ஆடுகளில் ஐந்து அப்படியே.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்சான் பட்டிக்குப் போனாள். ஓர் ஆடு முக்கிக்கொண்டிருந்தது. கல்சான் அதன் தலையைப் பிடித்திருக்க, சார்னாய் குனிந்துகொண்டிருந்தாள்.

"இதை எங்கிட்ட விடுங்கண்ணே."

"குட்டி செத்தா?"

"எங்க மந்தையிலேர்ந்து ரெண்டு தர்றேன். நீ எந்திரிடி. போய் சோப்பு போட்டுக் கை கழுவு."

சார்னாய் வேலிக்கு வெளியே போனாள். உயங்கா கையுறையை மாட்டி, பனிக்குட நீரில் நனைந்த வைக்கோலில் தேய்த்துக் குட்டியை இழுத்தெடுத்து, தாயின் மூக்கருகே வைத்தாள். ஆடு முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

கல்சான் சிரிக்க வாயைத் திறந்தான். தாய் குட்டியை ஒதுக்கினால் இங்கே எல்லோரும் செய்வதை உயங்காவும் செய்தாள். ஆட்டைத் தடவியபடி, "தோய்க்... தோய்க்..." என்று தாயின் மனதை இளக்கும் பாட்டை இழுத்துப் பாடினாள். குரல் கீச்சென்று பிசிறடித்தது.

"நிறுத்துடி, ஆடு ஓடிரப் போகுது," என்றாள் சார்னாய். ஈரக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பாட்டைத் தான் வாங்கிக்கொண்டாள். நீளமான, தாழ்ந்த குரல். ஆட்டின் காது அசைந்தது. கொஞ்ச நேரம் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குனிந்து குட்டியின் முகத்தை நக்கியது.

கல்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையுறைக்குக் கை நீட்டினான்.

"சார்னாய், நீ அங்கயே நின்னு பாடு. உள்ள வராத, கை வேலை என்னோடது." உயங்கா பக்கம் திரும்பினான். "நாளைக்கு இவளை டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்த்துட்டு வா. ஆனா ஒண்ணு, வழியில பாடிராத."

அடுத்த ஆடு படுத்தது. கல்சான் கையுறையை வைக்கோலில் தேய்க்க ஆரம்பித்தான். வேலிக்கு வெளியே சார்னாய் கைகளை அங்கியின் நீளக் கைக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமினாள்.